நோரோவைரஸும் மார்பகப் புற்றுநோயும்: ஊருக்கு வந்தா எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்விகள்

நான் திருகோணமலை, உவர்மலையில பிறந்து வளந்தவள். நோரோவைரஸில ஆராய்ச்சி செய்து பிஎச்டி முடிச்சிட்டு இப்ப வெளிநாட்டில ஒரு லாப்ல மார்பகப் புற்றுநோய் செல்களோட வேலை செய்யிறன். லீவில ஊருக்கு வந்தா கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியிலயும் சரி, கலியாண வீட்டிலயும் சரி, பின்னேரம் டச்சு வளைகுடா கடற்கரையில காத்து வாங்கப் போனாலும் சரி, யாராவது ஒரு மாமியோ அக்காவோ பக்கத்தில வந்து இருந்து மெதுவா கேக்கத் தொடங்குவாங்க. நிறையப் பேர் மற்றவங்களுக்கு முன்னால கேக்க வெக்கப்படுற கேள்விகள். அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன், வேணுமெண்டா அம்மாமாருக்கு வாசிச்சுக் காட்டுங்க.

நோரோவைரஸ் எண்டா என்ன?

திடீரெண்டு சத்தி, வயித்தால போறது, வயித்துக்குள்ள பிசையிற நோவு, சிலருக்கு லேசான காய்ச்சல். காலம நல்லா இருந்த ஆள் பின்னேரம் எழும்ப ஏலாமப் படுத்திருப்பார், ரெண்டு மூண்டு நாளில தானா சுகமாகும். வைரஸ் உடம்புக்குள்ள போய் 12இல இருந்து 48 மணித்தியாலத்துக்குள்ள வருத்தம் தொடங்கும். ஒரு வீட்டில ஒருத்தருக்கு வந்தா அடுத்தடுத்து எல்லாரும் விழுறது இதாலதான், ஏனெண்டா ஒருத்தருக்குத் தொத்துறதுக்கு ஒரு சில வைரஸ் துகளே காணும், ஆனா வருத்தக்காரர்ட மலத்தில கோடிக்கணக்கில வெளிய வரும்.

உலகத்தில வருசத்துக்கு ஏறக்குறைய 68 கோடி 50 லட்சம் பேருக்கு இது வருது எண்டு கணக்கு, அதில 20 கோடி பேர் 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள். கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் சாகிறாங்க. "வயித்தால போறதுதானே" எண்டு நாங்க லேசாச் சொல்லுற ஒரு வருத்தம் இது.

பேர் ஏன் நோரோ?

அமெரிக்காவில ஒஹையோ மாநிலத்தில நோர்வோக் எண்டு ஒரு ஊர், அங்க 1968ல ஒரு ஆரம்பப் பாடசாலையில பிள்ளைகளும் டீச்சர்மாருமாப் பாதிப் பேருக்குச் சத்தியும் வயித்தோட்டமும் வந்தது. என்ன கிருமி எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்ல. 1972லதான் அல்பர்ட் கபிகியன் எண்ட விஞ்ஞானி எலக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்பில அதைக் கண்டு பிடிச்சார். 27 நனோமீட்டர் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள்ள வரிசையா வைச்சா 37 ஆயிரம் நிக்கும். அந்த ஊர்ப் பேர் சுருங்கித்தான் நோரோ ஆச்சு.

இந்த வைரஸால மார்பகப் புற்றுநோய் வருமா? (இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கிறது)

இல்ல. வராது. நான் ரெண்டிலயும் வேலை செய்தது எண்டு கேள்விப்பட்டவுடன நிறையப் பேர் ரெண்டையும் முடிச்சுப் போட்டிடுறாங்க, அதால இதை நல்லா விளக்கமாவே சொல்லுறன்.

சில வைரஸால கான்சர் வாறது உண்மை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எச்பிவி, ஈரல் புற்றுநோய்க்கு ஹெப்பட்டைட்டிஸ் பி, சி. இதெல்லாம் உடம்புக்குள்ள வருசக்கணக்கா இருந்துகொண்டு செல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கிற வைரஸ்கள், சிலது எங்கட டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டிக்கொள்ளும். நோரோவைரஸ் அப்பிடி இல்ல, அது ஆர்என்ஏ வைரஸ், செல்லின்ட நியூக்கிளியஸுக்கு வெளிய வேலைய முடிச்சிட்டுப் போயிடும், எங்கட டிஎன்ஏக்குள்ள போய்க் குந்துறதுக்கு அதிட்ட வழியே இல்ல. சாதாரண ஆளில சில நாளில உடம்பு அதைத் துரத்திடும்.

எலிக்கு மட்டும் ஒரு கதை இருக்கு. 1936ல ஜோன் பிட்னர் எண்டவர் சில எலி இனங்களில தாயின்ட பாலால குட்டிக்கு மார்பகப் புற்றுநோய் போகுது எண்டு காட்டினார், பிறகு பாத்தா அது ஒரு வைரஸ். அது நோரோவைரஸ் இல்ல, வேற குடும்பம். மனிசருக்கு அப்பிடி ஒண்டு இருக்கா எண்டு பல வருசமாத் தேடியும் நிரூபிக்கப்படேல்ல. அதால தாய்ப்பாலைப் பாத்துப் பயப்படாதீங்க. எச்பிவி தடுப்பூசிய எங்கட நாட்டில 2017ல இருந்து பள்ளிக்கூடத்தில பெண் பிள்ளைகளுக்குக் குடுக்கிறாங்க, அதைத் தவறவிடாமப் போடுங்க, அது மார்பகத்துக்கு இல்ல, கர்ப்பப்பைக் கழுத்துக்கு.

அப்ப ஏன் வைரஸ விட்டிட்டு கான்சருக்குப் போனனீ?

என்ட வாத்தியார் ஒருத்தரே கேட்ட கேள்வி. நான் விட்டிட்டுப் போகேல்ல, ஒரே வாசல்லதான் இன்னும் நிக்கிறன். எந்த வாசல் எண்டு சொல்லுறன்.

எங்கட துறைமுக வாசலை நினைச்சுப் பாருங்க. உள்ள போற லொறி எல்லாம் பாஸ் காட்ட வேணும், வாசல்ல நிக்கிறவர் பாஸைப் பாத்து உள்ள விடுவார். உடம்பில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம் செய்யிற தொழிற்சாலை இருக்கு, ரைபோசோம் எண்டு பேர். எந்தப் புரதத்தைச் செய்ய வேணும் எண்ட கட்டளைய எம்ஆர்என்ஏ கொண்டு வரும். அந்த எம்ஆர்என்ஏ ஒவ்வொண்டின்ட தலையிலயும் "கேப்" எண்டு ஒரு சின்னத் தொப்பி மாதிரி இருக்கும், அதுதான் பாஸ். பாஸைப் பிடிச்சுப் பாக்கிற வாசல்காரர் ஒரு புரதம், பேர் இஐஎஃப்4ஈ. அவருக்குப் பக்கத்தில நிண்டு லொறிய ரைபோசோமுக்குக் கூட்டிக்கொண்டு போறவர் இஐஎஃப்4ஜி.

செல்லுக்குள்ள இந்த வாசல்காரர் எப்பவும் கொஞ்சப் பேர்தான். அதால பாஸ் நல்லாத் தெரியிற எம்ஆர்என்ஏ சுகமாப் போகும், தலைப்பகுதி சுருண்டு மடிஞ்சு கிடக்கிற சில எம்ஆர்என்ஏ வரிசையில காத்து நிக்கும். அப்பிடிக் காத்து நிக்கிறது எது தெரியுமா, செல்லை வளரச் சொல்லுற, பிரியச் சொல்லுற, புது இரத்தக் குழாய் போடச் சொல்லுற கட்டளைகள். அதுகள் வரிசையில நிக்கிறதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

இப்ப நோரோவைரஸ் வருது. அதின்ட ஆர்என்ஏக்குத் தொப்பி இல்ல. அதுக்குப் பதிலா தலையில விபிஜி எண்டு தன்ட சொந்தப் புரதம் ஒண்டை ஒட்டிக்கொண்டு வரும். எலிக்கு வாற நோரோவைரஸின்ட விபிஜி வாசல்காரரைத் தாண்டி நேரா இஐஎஃப்4ஜியின்ட கையைப் பிடிச்சிடும். பூனைக்கு வாற சொந்தக்கார வைரஸ் ஒண்டு இருக்கு, அது வாசல்காரரையே பிடிக்கும் எண்டு 2005ல காட்டினாங்க. என்னை இழுத்தது இதுக்கும் மேல ஒரு விசயம்: எலி நோரோவைரஸ் செல்லுக்குள்ள போனாப் பிறகு எம்என்கே எண்ட ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்பி, அது வாசல்காரர்ல ஒரு பொஸ்பேட்டை ஒட்டும். அதுக்குப் பிறகு எந்தக் கட்டளை உள்ள போகுது, எது வெளிய நிக்குது எண்ட வரிசையே மாறிடும்.

அந்த நேரம் இரவில இருந்து பேப்பர் வாசிக்கேக்க திரும்பத் திரும்ப ஒரே புரதம் கான்சர் பேப்பர்களில வந்துகொண்டே இருந்தது. 1990ல நஹும் சோனன்பேர்க் எண்ட விஞ்ஞானியின்ட ஆட்கள் இஐஎஃப்4ஈய மட்டும் கூட்டிப் பாத்தாங்க, சாதாரண எலி செல் கான்சர் செல் மாதிரி வளரத் தொடங்கிட்டு. மார்பகக் கட்டிகள் நிறைய எண்ணத்தில இந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கு எண்டு 90களிலயே எழுதியிருக்கிறாங்க. வைரஸ் தட்டி எழுப்பின அதே பொஸ்பேட் ஒட்ட ஏலாம மாத்தின எலிகளில மார்பகக் கட்டி நுரையீரலுக்குப் பரவுறது குறைஞ்சது எண்டு 2015ல வந்தது. அந்தப் பேப்பரை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்ல. ஏன் எண்டு கீழ சின்னம்மாட கதையில விளங்கும்.

வைரஸுக்கும் கான்சர் செல்லுக்கும் இன்னும் ஏதும் ஒற்றுமை இருக்கா?

எனக்குப் பிடிச்சது ஒண்டு. செல் பிரியிறதுக்கு முன்னால ஜி1 எண்டு ஒரு கட்டம் இருக்கு, அங்க நிண்டு "பிரியலாமா வேண்டாமா" எண்டு பாக்கும். எலி நோரோவைரஸ் செல்லை அந்த ஜி1லயே நிப்பாட்டி வைச்சிடும், அந்த நேரம் அதுக்குப் பெருக நல்லது. கான்சர் செல் நேரெதிர், அந்தக் கட்டத்தில நிக்கிறதே இல்ல, ஓடிக்கொண்டே இருக்கும். அதை அங்க பிடிச்சு நிப்பாட்டுறதுக்கு பல்போசிக்லிப் எண்டு ஒரு மாத்திரை 2015ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சு இப்ப ஹோர்மோன் சம்பந்தப்பட்ட மார்பகப் புற்றுநோய்க்குப் பாவிக்கிறாங்க. வைரஸ் தன்ட சுயநலத்துக்குச் செய்யிற வேலைய மருந்து நோயாளிக்காகச் செய்யுது. ரெண்டும் வேற வேற வழியால போய்த்தான் நிப்பாட்டுது, ஆனா நிக்கிற இடம் ஒண்டு.

லாப்ல நாள் முழுக்க என்னதான் செய்யிறனீ?

நிறைய நேரம் செல்லுக்குச் சாப்பாடு குடுக்கிறது. சிவப்பு நிறத் தண்ணி மாதிரி ஒரு திரவம், அதை ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா மாத்த வேணும், தீபாவளி பொங்கல் எண்டு அதுக்குத் தெரியாது.

வைரஸோட இருந்த காலத்தில செய்தது பிளாக் டெஸ்ட். ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒண்டு, ஒவ்வொரு குழியிலயும் அடியில செல் பாய் விரிச்ச மாதிரி வளந்திருக்கும். அதுக்கு மேல வைரஸ ஊத்தி, ஜெலி மாதிரி ஒண்டால மூடி, ரெண்டு நாள் சூட்டில வைச்சிட்டு ஊதா மை ஊத்திக் கழுவினா, செல் உயிரோட இருக்கிற இடமெல்லாம் ஊதா, வைரஸ் தின்ட இடம் வெள்ளைப் புள்ளி. தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு அந்தப் புள்ளிகளை ஒண்டு ரெண்டு எண்டு எண்ணுவன். ஒரு புள்ளி எண்டா ஒரு வைரஸ்ல இருந்து தொடங்கினது. முதல் முதலா நான் செய்தது சரியா வந்த நாள் அந்தத் தட்டை ஃபோட்டோ எடுத்து அம்மாக்கு அனுப்ப, அம்மா "வடிவான பூ மாதிரி இருக்கு பிள்ளை" எண்டு எழுதினா.

இது எலி நோரோவைரஸ். 2003ல கண்டு பிடிச்சு 2004ல லாப்ல வளத்தாங்க, அதாலதான் இவ்வளவு விசயம் தெரிய வந்தது. மனிசருக்கு வாற நோரோவைரஸ லாப்ல வளக்க 40 வருசத்துக்கு மேல ஏலாமல் இருந்தது. 2016லதான் மேரி எஸ்டெஸ்ட குழு மனிசக் குடலில இருந்து எடுத்த ஸ்டெம் செல்லை வளத்து, சின்னக் குடல் மாதிரி உருவாக்கி, அதில வைரஸ வளத்துக் காட்டினாங்க. சில வகை வைரஸுக்குப் பித்தநீர் சேத்தாத்தான் வளந்தது, எங்கட வயித்துக்குள்ள இருக்கிற அதே பித்தம். இதே முறையிலதான் இப்ப மார்பகக் கட்டியையும் நோயாளியிட்ட இருந்து எடுத்து குட்டிக் கட்டியா லாப்ல வளத்து, மருந்தை அதில சோதிச்சுப் பாக்கிறது. நான் குடலில பழகின கை வேலை அப்பிடியே மார்பகத்துக்கு உதவினது.

இப்ப நான் பாவிக்கிற செல்லில ஒண்டு எம்சிஎஃப்-7. 1970ல அமெரிக்காவில மிச்சிகன்ல ஒரு கன்னியாஸ்திரியின்ட நெஞ்சுக்குள்ள கட்டின தண்ணியில இருந்து எடுத்தது. அந்தச் சகோதரி இறந்து அரை நூற்றாண்டாச்சு, அவட செல் இன்னும் உலகம் முழுக்க லாப் லாப்பா வளருது. ஹோர்மோன் மார்பகப் புற்றுநோய் பற்றி நாங்க தெரிஞ்சுகொண்டதில பெரிய பங்கு அந்தச் செல்லில இருந்து வந்தது. பெட்டியில இருந்து எடுக்கேக்க எனக்கு ஒவ்வொரு முறையும் அவட நினைவு வரும்.

எங்கட வீட்டில எல்லாருக்கும் சத்தி வந்தது, இவருக்கு மட்டும் வரவே இல்லயே, ஏன்?

அவர் அதிர்ஷ்டசாலி எண்டு சொல்லுறாங்க, ஆனா ஜீன்லயும் காரணம் இருக்கலாம். நோரோவைரஸ் குடலில பிடிக்கிறதுக்கு அங்க ஒரு வகைச் சீனிச் சங்கிலி வேணும், இரத்த வகை ஏ, பி, ஓ எண்டு சொல்லுறமே, அதோட சொந்தமான சீனி. அதை குடல் மேற்பரப்பில போடுறது எஃப்யூடி2 எண்ட ஜீன். அது வேலை செய்யாத ஆட்கள் இருக்கிறாங்க, ஐரோப்பியரில அஞ்சில ஒருத்தர் அப்பிடி. அவங்களுக்குப் பொதுவாச் சுத்துற வகை நோரோவைரஸ் பெரும்பாலும் பிடிக்காது. எல்லா வகைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்ல, அதால அவரும் கை கழுவத்தான் வேணும்.

தாய்ப்பாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு எண்டு சொன்னனீயாமே?

இருக்கு, இதைச் சொல்லாம நான் ஊருக்கு வந்ததே இல்ல. மேல சொன்ன அதே எஃப்யூடி2 ஜீன் தாயின்ட மார்பிலயும் வேலை செய்யுது. அதால தாய்ப்பாலில ஒரு வகைச் சீனி வருது, பிள்ளைக்குச் சமிக்காத சீனி. சமிக்காத ஒண்டை உடம்பு ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யுது எண்டு கன காலமா யோசிச்சாங்க. அந்தச் சீனி பாக்கிறதுக்கு குடலில இருக்கிற சீனி மாதிரியே இருக்கும், வைரஸ் வந்து குடல் எண்டு நினைச்சு அதில போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு அப்பிடியே வெளிய போயிடும். அந்தச் சீனி நோரோவைரஸின்ட புரதத்தில போய்ப் பொருந்துற இடத்தைப் படமாவே எடுத்திருக்கிறாங்க. மெக்ஸிக்கோவில பாலில அந்த வகைச் சீனி கூட இருந்த தாய்மார்ட பிள்ளைகளுக்கு இந்தக் குடும்ப வைரஸால வாற வயித்தோட்டம் குறைவா இருந்தது எண்டு 2004ல எழுதினாங்க.

அதோட தாய்க்கும் நல்லது. 30 நாட்டில செய்த 47 ஆய்வைச் சேத்துப் பாத்து 2002ல சொன்னது, பால் குடுக்கிற ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாற அபாயம் ஏறக்குறைய 4.3 வீதம் குறையுது. ஆனா பால் குடுத்தவங்களுக்கு வரவே வராது எண்டு அர்த்தமில்ல, என்ட சின்னம்மா மூண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தவ. பால் குடுக்க ஏலாமப் போன தாயை ஒருத்தரும் குறை சொல்லவும் கூடாது.

சானிடைசர் பூசினாக் காணுமா?

காணாது. கொரோனா வைரஸுக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருந்தது, அல்கஹோல் அதை உடைச்சது. நோரோவைரஸுக்கு அந்த உறை இல்ல, வெறும் புரதக் கூடு, அல்கஹோலுக்கு லேசில மசியாது. சவர்க்காரமும் ஓடுற தண்ணியும், 20 செக்கன் நல்லாத் தேச்சுக் கழுவுறது, அதுதான் கைக்கு.

சத்தி எடுத்த நிலத்துக்கு பிளீச். கடையில வாற 5 வீத பிளீச் எண்டா ஒரு லீற்றர் தண்ணிக்கு 20 மில்லி குறைஞ்ச அளவு, சத்தியோ மலமோ நேராப் பட்ட இடத்துக்கு 100 மில்லி வரை கூட்டலாம். முதல்ல பழைய துணியால அள்ளி எடுத்து பையில கட்டிப் போட்டிட்டு, பிறகு பிளீச் தண்ணி ஊத்தி ஒரு அஞ்சு பத்து நிமிசம் விட்டுத் துடைங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க. டொய்லட் கழுவுற அசிட்டோட பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

மட்டி சாப்பிடலாமா?

கொட்டியார்க்குடாப் பக்கம் எங்களுக்கு மட்டி இல்லாம ஏலாது எண்டு தெரியும். மட்டி, சிப்பி எல்லாம் கடல் தண்ணிய வடிச்சுத்தான் சாப்பிடுறது, தண்ணியில மலக்கழிவு கலந்திருந்தா வைரஸ் அதின்ட உடம்புக்குள்ள சேந்திடும். வாய் திறக்கிற மட்டும் லேசா அவிச்சா வைரஸ் தப்பலாம், இது 60 பாகை செல்சியஸையும் தாங்கக்கூடியது. எங்கட அம்மம்மாமார் கொதிக்கக் கொதிக்க வைச்ச மாதிரி நல்லாக் கொதிக்க விட்டுச் சமைங்க. வெளிநாட்டில பச்சையா சாப்பிடுற ஒயிஸ்டராலதான் கனக்கத் தரம் இது பரவினது.

மருந்து என்ன?

இதுக்கெண்டு வைரஸக் கொல்லுற மருந்து இல்ல. அன்டிபயட்டிக் வேலை செய்யாது, அது பக்டீரியாவுக்கு. தண்ணிதான் மருந்து: ஜீவனி (உப்பும் சீனியும் சேந்த கரைசல் தூள்) பக்கெட் ஒண்டை ஒரு லீற்றர் கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா, சத்தி எடுத்தாலும் பத்து நிமிசம் விட்டு திரும்பக் கரண்டியால. கரைச்சது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊத்திடுங்க. சின்னப் பிள்ளை சலம் போறது குறைஞ்சா, அழேக்க கண்ணீர் வராட்டி, சோர்ந்து கிடந்தா, மலத்தில இரத்தம் கண்டா வீட்டில வைச்சிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வயசானவங்களுக்கும் இதே மாதிரி.

சுகமாகி ரெண்டு நாளைக்காவது மற்றவங்களுக்குச் சமைக்க வேண்டாம். சுகமான ஆளில இருந்தும் ரெண்டு கிழமை வரை, சில நேரம் அதுக்கு மேலயும் வைரஸ் வெளிய வந்துகொண்டிருக்கும்.

தடுப்பூசி?

இப்போதைக்கு அனுமதி கிடைச்ச தடுப்பூசி ஒண்டும் இல்ல. வைரஸ் அடிக்கடி மாறுறதும், வகை நிறைய இருக்கிறதும் காரணம். கைக்குழந்தைகளில சோதிச்ச ஒண்டு 2024ல பலன் தரேல்ல, பெரிய ஆட்களுக்கு மொடெர்னாட எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஒண்டு அதே வருசம் கடைசிக் கட்டச் சோதனைக்குப் போனது.

வீட்டில கீமோ எடுக்கிற ஆள் இருக்கிறா, பாக்க வாறவங்கள என்ன செய்யிறது?

இந்த ரெண்டு வருத்தமும் உண்மையா ஒரே வீட்டில சந்திக்கிற இடம் இதுதான். கீமோவால எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கிற ஆளுக்கு நோரோவைரஸ் வந்தா ரெண்டு நாளில போகாது, எதிர்ப்புச் சக்தி நல்லாக் குறைஞ்ச ஆட்களில கிழமைக்கணக்கில, மாதக்கணக்கில கூட நிண்டிருக்கு. வயித்தோட்டம் கீமோவாலயும் வரும், அதால "இது மருந்தின்ட வேலைதான்" எண்டு நினைச்சு இருந்திடாமல் கிளினிக்குக்குச் சொல்லுங்க.

எங்கட ஊர்ப் பழக்கம், வருத்தம் எண்டு கேள்விப்பட்டா வான் பிடிச்சு பழப் பையோட பத்துப் பேர் வருவாங்க. அன்பிலதான் வாறாங்க. ஆனா கடந்த ரெண்டு மூண்டு நாளுக்குள்ள வயித்தால போன ஆளோ, அப்பிடிப் பிள்ளை வீட்டில இருக்கிற ஆளோ வர வேண்டாம் எண்டு வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்ல வேணும். வாசல்ல சவர்க்காரமும் ஒரு வாளி தண்ணியும் வையுங்க. அவவுக்கு எண்டு வேற டொய்லட் இருந்தா நல்லம்.

மார்பகப் புற்றுநோய் எண்டா எல்லாம் ஒண்டுதானே, பிறகு ஏன் ஒருத்தருக்கு மாத்திரை, மற்றவவுக்கு ஊசி?

ஒண்டில்ல. கட்டியில எடுத்த துண்டைச் சாயம் போட்டுப் பாப்பாங்க, ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் எண்ட ரெண்டு ஹோர்மோனையும் பிடிக்கிற புரதங்கள் இருக்கா, ஹெர்2 எண்ட புரதம் கூட இருக்கா எண்டு. நூறு பேரில ஏறக்குறைய 70 பேருக்கு ஹோர்மோன் வகை, அவங்களுக்கு டமொக்சிஃபன் மாதிரி மாத்திரை. இந்த டமொக்சிஃபனை 60களில இங்கிலாந்தில செய்தது கர்ப்பத்தடைக்கு, அதுக்குச் சரிவரேல்ல, பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு எத்தனையோ லட்சம் பெண்களைக் காப்பாத்தினது. 15இல இருந்து 20 பேருக்கு ஹெர்2 வகை, அவங்களுக்கு 1998ல வந்த டிரஸ்டுசுமாப் ஊசி. மிச்சம் 10, 15 பேருக்கு மூண்டும் இல்லாத வகை, அது கஷ்டமானது, கீமோதான் பெரும்பாலும். அதால ரிப்போர்ட்டை வாங்கேக்க "எந்த வகை" எண்டு கேளுங்க, கேக்கிறது உங்கட உரிமை.

பயொப்சி ஊசி குத்தினா பரவிடுமாமே?

பரவாது. இந்தக் கதைய நம்பிக் கட்டியோட வீட்டில இருந்து காலத்தைக் கடத்தினவங்க எங்கட ஊரில எத்தனை பேர். ஊசியால எடுக்கிற துண்டு இல்லாட்டி மேல சொன்ன வகை எது எண்டு தெரியாது, வகை தெரியாட்டி சரியான மருந்து இல்ல.

கட்டி நோகேல்ல எண்டா பிரச்சினை இல்லத்தானே?

இங்க சின்னம்மாட கதையச் சொல்ல வேணும், அவவே சொல்லச் சொன்னவ.

குளிக்கேக்க இடது பக்கத்தில ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. நோவில்ல. ஒரு இடத்தில போய்க் காட்ட, சரியாத் தொட்டுக்கூடப் பாக்காம "கொழுப்புக் கட்டி, ஒண்டுமில்ல" எண்டு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பிறகு மகளின்ட கலியாணம் வந்தது, அதை முடிச்சிட்டுப் பாப்பம் எண்டு எட்டு மாதம் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. கலியாணம் முடிஞ்ச மூண்டாம் நாள், நான் லீவில நிக்கிறன், குசினிக்குள்ள கூப்பிட்டு கதவைச் சாத்திட்டு என்ட கையை எடுத்து அதில வைச்சா. சட்டைக்கு மேலாலயே விளங்கினது. புளியங்கொட்டை மாதிரி கல்லா, தள்ளினா அசையாது. மேல தோல் ஒரு இடத்தில உள்ளுக்கு இழுத்திருந்தது. அவ ஒண்டும் கேக்கேல்ல, என்ட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தா.

அந்த இரவே ரயில் ஏறி கொழும்புக்குப் போய், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில காட்டி, ஒப்பரேசன், கீமோ, ரேடியேசன், இப்ப ஆறாவது வருசமா டமொக்சிஃபன். ஹோர்மோன் வகை. எட்டு மாதத்துக்குள்ள அது கக்கத்துக் கழலைக்குப் போயிருந்தது. இப்பவும் நல்லா இருக்கிறா, கை மட்டும் வீங்கும்.

அதால சொல்லுறன், பெரும்பாலான கட்டி கான்சர் இல்ல, அது உண்மை, ஆனா கையால தொட்டு மட்டும் அதைச் சொல்ல ஏலாது. நோவில்லாத கட்டியத்தான் முதல்ல காட்ட வேணும். தோல் உள்ள இழுபடுறது, தோடம்பழத் தோல் மாதிரி ஆகிறது, முலைக்காம்பு புதுசா உள்ளுக்குத் திரும்புறது, இரத்தம் மாதிரிக் கசியிறது, கக்கத்தில கட்டி, எல்லாம் காட்டுங்க. ஒருத்தர் ஒண்டுமில்ல எண்டு சொல்லியும் கட்டி போகாட்டி இன்னொருத்தரிட்டக் காட்டுங்க. மாதவிடாய் முடிஞ்சு சில நாளில மாதத்துக்கு ஒருக்கா கண்ணாடிக்கு முன்னால பாத்து, விரலின்ட நுனியால இல்ல, விரல் பரப்பால தடவிப் பாருங்க. 35 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு வெல் வுமன் கிளினிக் இருக்கு, 1996ல இருந்து நடக்குது, இலவசம். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸில இல்லாட்டி உங்கட மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டா எந்த நாள் எண்டு சொல்லுவா.

ஆம்பிளைகளுக்கும் வரும், நூறில ஒண்டு அளவு. வெக்கப்பட்டு மறைக்கிறதால அவங்களும் பிந்தித்தான் வாறாங்க.

சின்னம்மாக்கு வந்ததால எங்களுக்கும் வருமா?

கட்டாயமில்ல. நூறு மார்பகப் புற்றுநோயில அஞ்சில இருந்து பத்துத்தான் பரம்பரையா வாற ஜீன் பிழையால. அதில பெரிய ரெண்டு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, முதலாவது எங்க இருக்கு எண்டு மேரி-கிளேர் கிங் 1990ல காட்டினா. ஒரே பக்கச் சொந்தத்தில ரெண்டு மூண்டு பேருக்கு, அதுவும் 50 வயசுக்கு முன்னால வந்திருந்தா, சூலகப் புற்றுநோயும் இருந்தா, டொக்டரிட்ட அந்தக் குடும்ப விபரத்தைச் சொல்லுங்க. கலியாணம் பேசேக்க இதை மறைக்கிற பழக்கம் இருக்கு, டொக்டரிட்டயாவது மறைக்காதீங்க.

உன்ட ஆராய்ச்சியால மருந்து வந்திட்டுதா?

இல்ல. நான் செய்யிறது வாசல்காரர் எந்தெந்தக் கட்டளைய உள்ள விடுறார் எண்டு எண்ணுற வேலை. எம்என்கேயத் தடுக்கிற மருந்துகளை மனிசரில சோதிச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறாங்க, வாசலுக்குப் பின்னால நிக்கிற எம்டோர் எண்ட நொதியத்தைத் தடுக்கிற எவரோலிமஸ் எண்ட மருந்து 2012லயே மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கிட்டு. அது வாசல்காரரைக் கட்டிப் போடுற புரதத்தைத் திரும்ப வேலைக்கு விடும். கொஞ்ச நாளில கான்சர் செல் அதையும் சுத்திப் போக வழி தேடும். எந்த வழியால எண்டு பாக்கிறதுதான் இப்ப என்ட மேசையில இருக்கிற வேலை. டமொக்சிஃபன் குடிச்சும் வளருற செல் ஒரு தட்டு, குடிச்சு நிண்டு போன செல் ஒரு தட்டு, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு.

என்ட மகள் உங்கள மாதிரி வர வேணும் எண்டு நிக்கிறா, என்ன படிக்கிறது?

ஏ லெவலுக்கு பயோ, டொக்டருக்குப் புள்ளி காணாட்டி உலகம் முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம், நானும் மெடிசின் கிடைக்காமத்தான் சயன்ஸ் படிச்சனான். இங்கிலிஸ் பேப்பர் வாசிக்கப் பழக வேணும். போன லீவில சாம்பல்தீவில இருந்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாயோட வந்தா, ஃபோனில எம்சிஎஃப்-7 படத்தைக் காட்டினன். விரலால பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்திட்டு, "அக்கா, இந்த மூலையில ஒண்டு ரெண்டாப் பிரியுது" எண்டா. படம் எடுத்த நான் அதை அது வரைக்கும் கவனிக்கேல்ல.